பிரிட்ஜ் கடையில் உயர்தர ஆடியோ: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனில் ஒரு மின்சாரச் சாமான் கடையில் ஆடியோ பகுதியைப் பல வருஷமாகப் பார்த்துக்கொள்கிறேன். முன்னால் பிரிட்ஜ், நடுவில் டிவி, மாடிப்படிக்கு அடியில் நான். தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் போன் எடுத்து ஒரே சந்தேகத்தைத்தான் கேட்கிறார்கள். வாங்க வருகிறவர்கள் வேறு விதமாக அதையே கேட்கிறார்கள். புதிதாகச் சேரும் தம்பிமாருக்கு ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லி அலுத்துப்போய்த்தான் எழுதி வைத்தேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ஹைஎண்ட், ஹைஎண்ட்னு சொல்றீங்களே, விலை கூடினா எல்லாம் ஹைஎண்டா அண்ணே?

இல்லை. கல்யாண வீட்டுக்கு எடுத்துப்போகும் லைட் அடிக்கிற பெரிய பெட்டியும் லட்சத்தைத் தாண்டும். அது தூரத்துக்குக் கேட்க வேண்டும் என்று செய்த சாமான், அந்த வேலையை நன்றாகவே செய்யும். நான் இங்கே பேசுவது, பதிவில் இருப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் தருவதற்காகச் செய்த ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிபயரையும்.

பிராண்ட் பெயரைப் பார்த்தும் முடிவு கட்ட முடியாது. ஜேபிஎல் என்ற ஒரே பெயரில் கையில் தூக்கிப்போகும் புளூடூத் பெட்டியும் இருக்கிறது, ஒலிப்பதிவுக் கூடத்தில் வைக்கும் ஸ்பீக்கரும் இருக்கிறது. அந்த ஜேபிஎல்லும், மார்க் லெவின்சன் என்ற மிக விலை கூடிய ஆம்ப்ளிபயர் பெயரும் ஹர்மன் கம்பனியுடையவை. ஹர்மனை 2017இல் சாம்சங் வாங்கிவிட்டது. டிவிக்கும், ஹைஃபை என்கிற இந்த உயர்தர ஒலிச் சாமானுக்கும் முதலாளி ஒருவர்தான் என்ற காலம் இது.

எனக்கென்று ஒரு அளவுகோல் உண்டு. பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்தே வாங்கிவிடலாம் என்றால் அது சாதாரணச் சாமான். உட்கார்ந்து கேட்காமல் முடிவெடுக்க முடியாது என்றால் ஹைஎண்ட். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

எங்க கடையில பிரிட்ஜ், டிவி, வாஷிங் மெஷின்தான். நடுவுல ரெண்டு லட்ச ரூபா ஸ்பீக்கரை வச்சா ஓடுமா?

நடுவில் வைத்தால் ஓடாது. நாங்களும் முதலில் அப்படித்தான் வைத்தோம். வாஷிங் மெஷினுக்கு மேலே ஒரு இரும்புத் தட்டு, அதில் ஒரு சோடி ஸ்பீக்கர். பேஸ் அடித்தால் ஸ்பீக்கரை விடத் தட்டுத்தான் அதிகம் பாடியது. பக்கத்தில் நாலு பிரிட்ஜ் ஓடுகிறது, எதிரில் டிவி எல்லாம் கிரிக்கெட் காட்டுகிறது, வாசலில் மஸ்கெலியா பஸ் ஹோர்ன் அடிக்கிறது. அதற்குள் நின்றுகொண்டு ஒரு மனிதர் எதைக் கேட்டு ரெண்டு லட்சத்தை எடுத்து வைப்பார்? எட்டு மாதம் தூசிதான் படிந்தது.

பெரிய கடைக்குள் தனி அறை என்பது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் பெஸ்ட் பை என்ற பெரிய சங்கிலிக் கடை, 2000இல் மக்னோலியா என்ற ஹைஃபைக் கடையை வாங்கியது. பிறகு தன் கடைகளுக்குள்ளேயே அந்தப் பெயரில் தனிப் பகுதிகளைக் கட்டியது. வெளியே வாஷிங் மெஷின், உள்ளே சோபாவும் கதவும். நாம் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. மாடிப்படிக்கு அடியிலும் கதவு போடலாம்.

வாங்குறவன் கொழும்புக்கே போய் ஸ்பெஷல் கடையில வாங்கிக்க மாட்டானா?

சிலர் போவார்கள். ஆனால் பஸ்ஸில் நாலைந்து மணித்தியாலம் போய், அரை மணித்தியாலம் கேட்டு, அன்றைக்கே திரும்பி வருவது ஒரு நாள் லீவு. மூன்று தடவை கேட்டுத்தான் முடிவெடுப்பேன் என்பவருக்கு மூன்று லீவு. இங்கே சந்தைக்கு வந்த கையோடு உள்ளே வந்துவிடலாம். நமக்குள்ள பலம் அந்தத் தூரம்தான்.

யார் அண்ணே வாங்குறா? தோட்டத்துப் பக்கம் இதுக்கெல்லாம் ஆள் இருக்கா?

இருக்கிறார்கள், நீங்கள் நினைக்கிற முகம்தான் இல்லை. என் புத்தகத்தைப் புரட்டினால் ஆசிரியர்கள், டீமேக்கர்கள் (தோட்டத் தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைப் பார்ப்பவர்கள்), வளைகுடாவில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர்கள், ஒன்றிரண்டு தேவாலயங்கள். அப்புறம் எல்ல, ஹப்புத்தளை, நுவரெலியாப் பக்கம் பழைய பங்களாவை விடுதியாக மாற்றியவர்கள். இந்தக் கடைசி ஆட்கள் கேட்டுப் பார்க்கக்கூட மாட்டார்கள், அழகாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். அவர்களுக்கு விற்பது சுலபம், பேசுவதற்கு சுவாரசியம் குறைவு.

கேக்குறதுக்குன்னு தனி ரூம் கட்டாயமா? எவ்வளவு செலவாகும்?

கட்டாயம். விளம்பரத்துக்கு ஒதுக்கிய காசை இதற்குப் போடுங்கள். எங்கள் அறை பதினொரு அடிக்குப் பத்தடி. ஒரு பக்கம் படிக்கட்டின் சாய்வு இருப்பதால் சுவர்கள் ஒன்றுக்கொன்று நேராக இல்லை, அது தற்செயலாக நல்லதாகப் போய்விட்டது. தரையில் கம்பளம். பின் சுவரில் தோட்டத்துக் கம்பளிகளை மடித்து, மரச்சட்டத்துக்குள் வைத்து, மேலே துணி அடித்தோம். கண்ணாடிச் சுவரிலும் சீமெந்துச் சுவரிலும் பட்டுத் தெறிக்கும் கூர்மையான சத்தத்தைக் கம்பளி நன்றாக வாங்கிக்கொள்ளும். அடித்தொண்டைப் பேஸை அது ஒன்றும் செய்யாது, அதற்கு ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே இழுக்கத்தான் வேண்டும்.

இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே ஆறடி, கேட்பவர் காதுக்கும் ஏறக்குறைய அதே தூரம். ட்வீட்டர், அதாவது கூர்மையான சத்தத்தைத் தரும் சின்ன வட்டம், காது உயரத்தில் இருக்க வேண்டும். கதவு இறுக்கமாக மூட வேண்டும். ஒரே ஒரு நல்ல நாற்காலி. மூன்று நாற்காலி போட்டால் மூன்று பேர் வந்து கதை பேசுவார்கள், நடுவில் இருப்பவருக்கு மட்டும்தான் சரியாகக் கேட்கும்.

முதலாளிமார் விடுகிற பிழை ஒன்று: அறையைக் கட்டிவிட்டு, சீசன் வந்ததும் அதற்குள் அட்டைப்பெட்டி அடுக்குவார்கள். தீபாவளிக்கு முந்திய மூன்று கிழமை என் அறை அரிசி குக்கர் ஸ்டோர் ஆகிவிடும். அதற்காக ஒவ்வொரு வருஷமும் சண்டை பிடிக்கிறேன், ஒவ்வொரு வருஷமும் தோற்கிறேன்.

ரெண்டு ஸ்பீக்கரை மாத்தி மாத்திப் போட்டா, சில நேரம் விலை குறைஞ்சதுதான் நல்லா கேக்குது. கஸ்டமருக்கு முன்னால வெக்கமா போச்சு.

வெட்கப்பட வேண்டாம், காரணம் எளிது. அது சற்றுச் சத்தமாக ஓடியிருக்கும். ஒரே வொல்யூமில் வைத்தாலும் எல்லா ஸ்பீக்கரும் ஒரே அளவு சத்தம் தராது. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு ஸ்பீக்கர் 85 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) தரும், இன்னொன்று 89 தரும். வித்தியாசம் ஒன்றிரண்டு டெசிபல் என்றால் நம் காது “இது சத்தம்” என்று சொல்லாது, “இது தெளிவு, இது நல்லது” என்று சொல்லிவிடும்.

டீமேக்கர் ஒருவரிடம் இதைச் சொன்னேன், அவர் சிரித்தார். தேயிலை ருசி பார்க்கும் மேசையில் கோப்பைகளை வரிசையாக வைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே எடை தூள், ஒரே அளவு தண்ணீர், ஒரே நேரம் விட்டுத்தானே ருசி பார்க்கிறோம், ஒரு கோப்பையில் மட்டும் ஒரு சிட்டிகை கூடப் போட்டால் அந்தத் தேயிலைதான் கெட்டி என்று ஏமாந்துவிடுவோமே என்றார். அதற்குப் பிறகு நான் வேறு உதாரணம் தேடவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். போனில் சத்தம் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். தகரக் கூரையில் மழை பெய்வது போல ஒரு சீரான இரைச்சல் இருக்கும், அதைப் பிங்க் நொய்ஸ் என்பார்கள். நாற்காலியில் தலை இருக்கும் இடத்தில் போனைப் பிடித்து, முதல் ஸ்பீக்கரில் அந்த இரைச்சலை 75 டெசிபலுக்கு வையுங்கள். ஆம்ப்ளிபயர் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஸ்பீக்கருக்கும் அதே 75. போன் காட்டும் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டையும் ஒரே போனில் அளந்தால் போதும். அதற்கு மேல்தான் பாட்டு.

சமன் செய்த பிறகும் விலை குறைந்ததே நன்றாகக் கேட்டால்? அதைத்தான் கொடுங்கள். எனக்கு அப்படி இரண்டு தடவை நடந்திருக்கிறது. இரண்டு பேரும் திரும்பி வந்து வேறு சாமான் வாங்கினார்கள் என்று எழுதினால் அழகாக இருக்கும். ஒருவர்தான் வந்தார்.

என்ன பாட்டு போட்டுக் காட்டணும்?

அவர் கொண்டுவரும் பாட்டு. அவர் நூறு தடவை கேட்ட பாட்டில்தான் நூற்றியோராவது தடவை புதிதாக ஏதாவது கேட்கும். ஆனால் பழைய பாட்டு என்றால் எச்சரிக்கை சொல்லிவிடுங்கள்: 70கள் வரையான சினிமாப் பாட்டு பெரும்பாலும் மோனோ. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரே புள்ளியில் நிற்கும், பதிவின் இரைச்சலும் சேர்ந்தே கேட்கும். நல்ல ஸ்பீக்கர் அதை மறைக்காது.

என்னிடம் இருக்கும் பதிவுகளில் முதலில் போடுவது தனிக் குரல், பிறகு நாதஸ்வரமும் தவிலும், கடைசியில் தப்பு என்கிற தோல் மேளம். தோட்டங்களில் ஆடும் காமன் கூத்துக்கு அடிக்கிற தப்பை ஒரு நண்பர் நல்ல மைக் வைத்துத் திறந்த வெளியில் பதிந்து தந்தார். நெருப்பில் காய்ச்சி இறுக்கிய தோலில் அந்த மெல்லிய குச்சி விழும் “சடக்”கும், அதற்கு அடியில் வருகிற கனமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மலிவான ஸ்பீக்கரில் இரண்டும் சேர்ந்து தகரத்தைத் தட்டுவது மாதிரி இருக்கும். இங்கே வளர்ந்தவர்களுக்குத் தப்பு எப்படிக் கேட்க வேண்டும் என்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எத்தனை வாட்ஸ்னுதான் எல்லாரும் கேக்குறான். 40 வாட்ஸ்னு சொன்னா சிரிக்கிறான்.

பக்கத்துத் தட்டில் 12,000 வாட்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி இருந்தால் சிரிக்கத்தான் செய்வார். அந்த எண் பீஎம்பீஓ என்ற கணக்கு. அதற்கு ஒழுங்கான அளவு முறை கிடையாது, ஸ்டிக்கர் அச்சடிப்பவர் மனம்தான் அளவு. பெட்டியின் பின்னால் மின்சாரம் எத்தனை வாட்ஸ் இழுக்கும் என்று எழுதியிருக்கும். அது 60 என்றால், உள்ளே போகாத 12,000 வெளியே எப்படித் தொடர்ந்து வரும் என்று வாடிக்கையாளரிடமே கேளுங்கள்.

வாட்ஸை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். ஆகவே 50க்கும் 100க்கும் உள்ள வித்தியாசம் கொஞ்சம்தான். நாட் 3020 என்று 1978இல் ஒரு ஆம்ப்ளிபயர் வந்தது. ஒரு பக்கத்துக்கு 20 வாட்ஸ். உலகம் முழுக்க மிக அதிகமாக விற்ற ஹைஃபை ஆம்ப்ளிபயர்களில் ஒன்று அது. வரவேற்பறைக்கு இருபது, நாற்பது தாராளம்.

நாங்க இருக்கிறது லயத்துக் காம்பரா, தோட்டத்து வரிசை வீட்டுல ஒரு அறை. பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதுக்குள்ள இதெல்லாம் சரிவருமா சேர்?

வரும், சின்னதாக வாங்கினால். பன்னிரண்டு அடி இடைவெளியில் எதிரெதிராகச் சுவர் இருந்தால் ஏறத்தாழ 47 ஹேர்ட்ஸிலும், பத்தடிக்கு 56 ஹேர்ட்ஸிலும் பேஸ் சத்தம் சுவருக்கும் சுவருக்கும் இடையில் அடைபட்டுப் பெருகும். பேஸ் கிட்டார் வாசிக்கிறவர் ஒரு சுரத்தில் மட்டும் கோபமாக அடிக்கிற மாதிரி இருக்கும். பெரிய வூஃபர் (பேஸ் தரும் பெரிய வட்டம்) உள்ளதை வாங்கினால் அந்தப் “பூம்” இன்னும் கூடும். ஐந்து அங்குல வூஃபர் உள்ள சின்ன ஸ்பீக்கர் போதும். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வையுங்கள், மூலைக்குள் தள்ளாதீர்கள்.

அப்புறம் பக்கத்துக் காம்பரா. சுவர் பொது. நீங்கள் ரசிக்கும் பேஸ் அங்கே விடியற்காலைப் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, எழும்ப வேண்டியவரின் தலைமாட்டில் கேட்கும். நல்ல ஹெட்போன் ஒன்றைக் காட்டட்டுமா என்று நானே கேட்பதுண்டு. ஸ்பீக்கர் விற்க வேண்டிய ஆள் ஹெட்போன் விற்கிறானே என்று முதலாளி பார்ப்பார்.

சேல்ஸ் பையன்களுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தா அடுத்த மாசமே வேற கடைக்குப் போயிருவான். எதுக்கு மெனக்கெடணும்?

போகாத மாதிரிச் சம்பளம் கொடுங்கள். அமெரிக்காவில் சர்க்கிட் சிட்டி என்று பெரிய மின்சாரச் சாமான் சங்கிலி இருந்தது. 2007இல், சம்பளம் கூட வாங்குகிறார்கள் என்று அனுபவமுள்ள ஏறக்குறைய 3,400 பேரை ஒரேயடியாக நிறுத்திவிட்டு, குறைந்த சம்பளத்துக்கு ஆள் எடுத்தார்கள். 2009இல் கடைகளே மூடப்பட்டன. அது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் விளங்கியவன் போன பிறகு விளங்காதவனிடம் கேட்டு யார் விலை கூடிய சாமான் வாங்குவார்?

எதிர்ப்பக்கம் இங்கிலாந்தில் ரிச்சர் சவுண்ட்ஸ். 1978இல் லண்டன் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடையாகத் தொடங்கியது. 2019இல் அதன் முதலாளி தன் பங்கில் 60 வீதத்தை ஊழியர்களின் பெயரிலான நம்பிக்கை நிதிக்கு மாற்றினார்.

கமிஷன் விஷயத்தில் என் கருத்து: ஒவ்வொரு சாமானுக்கும் கமிஷன் வைத்தால் தம்பி பிரிட்ஜைத்தான் விற்பான். பிரிட்ஜ் பத்து நிமிஷம், ஸ்பீக்கர் இரண்டு மணித்தியாலம். ஆடியோவுக்கு மாதச் சம்பளமும் வருஷ போனஸும் போதும்.

ஸ்பீக்கர் கம்பனி ஏஜென்ட்கிட்ட கேட்டா ‘உங்க கடைக்குத் தர ஏலாது’ங்கிறார். சாதாரணக் கடைன்னா கேவலமா?

அவருடைய பயம் வேறு. சாதாரணக் கடை என்றால் சீசனுக்கு 30 வீதம் வெட்டி போஸ்டர் ஒட்டுவார்கள், அடுத்த நாள் கொழும்புக் கடைக்காரர் போன் எடுத்துச் சத்தம் போடுவார், ஒரு தடவை இறங்கிய விலை திரும்ப ஏறாது. இரண்டாவது, முன்பு சொன்ன இரும்புத் தட்டு. கேட்கவே வழியில்லாத இடத்தில் வைத்து “இது ஒன்றும் பெரிசா இல்லை” என்று பெயர் கெட்டுவிடும்.

நாங்கள் அறையைக் கட்டி, போட்டோ எடுத்து அனுப்பி, விலை வெட்ட மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தோம். முதலில் ஒரு சோடிதான் தந்தார், அதுவும் முழுக் காசு வாங்கிக்கொண்டு.

டிஸ்கவுண்ட் இல்லையா? அதே ஸ்பீக்கர் வெளிநாட்டு விலை பாதிதானே?

வெளிநாட்டு விலையை ரூபாயாக மாற்றுங்கள், கப்பல் செலவு, இறக்குமதித் தீர்வைகள், அதற்கு மேல் வற் வரி. வற் 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். டொலர் 2022 தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்தது, மே மாதமாகும்போது 350ஐத் தாண்டியது. அந்த நேரத்தில் விலைப்பட்டியலைப் பென்சிலால்தான் எழுதினோம். இதையெல்லாம் கடதாசியில் எழுதிக் காட்டினால் பாதிப்பேர் சமாதானமாகிவிடுவார்கள். மீதிப்பேருக்கு ஸ்டாண்டும் வயரும் இலவசமாகக் கொடுங்கள், விலையில் கை வைக்க வேண்டாம்.

தவணைக்குக் குடுக்கலாமா? பிரிட்ஜை அப்பிடித்தானே விக்கிறோம்.

பிரிட்ஜ் வீட்டுக்குத் தேவை. ஸ்பீக்கர் ஆசை. ஆசைக்குத் தவணை எழுதும்போது என் கை கொஞ்சம் தயங்கும். ஒரு கணக்குக்கு, கைக்காசு விலை 240,000 என்று வையுங்கள். தவணை மாதம் 13,500, இருபத்துநாலு மாதம். மொத்தம் 324,000. கூடக் கட்டுவது 84,000. 2024இல் வர்த்தமானியில் வந்த தோட்ட நாட்சம்பளம் 1,350 என்று வைத்தால், அந்த 84,000 மட்டும் அறுபத்திரண்டு பேர், அதாவது அறுபத்திரண்டு நாள் வேலை. அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) விழுந்தால் இன்னும் கூடும்.

இந்தக் கணக்கை வாடிக்கையாளருக்கு முன்னால் போட்டுக் காட்டுவேன். மாதச் சம்பளக்காரர் ஆறு மாதத் தவணை கேட்டால் கொடுக்கலாம். தோட்டம் கொடுத்த தீபாவளி முற்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவருக்குப் பெரிய சோடியைக் காட்டவே மாட்டேன்.

அந்த விலை கூடின கேபிளையும் சேர்த்து வித்தா லாபம் வருமே?

வரும். நான் விற்பதில்லை. ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் மூன்று மீட்டர் ஓடினால், போய்வரும் மின்தடை 0.05 ஓமுக்கும் குறைவு. ஸ்பீக்கரின் தடை 8 ஓம், அதற்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. கேபிளில் போடும் காசை ஸ்டாண்டில் போடச் சொல்வேன்.

நுவரெலியாப் பக்கம் பனியும் ஈரமும். ஸ்பீக்கர் எத்தனை காலத்துக்குத் தாங்கும்?

பார்த்துக்கொண்டால் இருபது வருஷமும் தாங்கும். வூஃபரைச் சுற்றியுள்ள வளையம் ரப்பரா ஸ்பொஞ்சா என்று பார்த்து வாங்குங்கள். ஸ்பொஞ்ச் காலப்போக்கில் உதிர்ந்துபோகும், ரப்பர் நிற்கும். வெளிச்சுவரில் ஒட்டி வைக்காதீர்கள், அந்தச் சுவர்தான் வியர்க்கும். கிழமையில் சில நாளாவது ஓடவிடுங்கள், ஆம்ப்ளிபயர் சூடு உள்ளே இருக்கும் ஈரத்தை விரட்டும். பெட்டிக்குள் போட்டு மூன்று மாதம் கட்டிலுக்கு அடியில் வைத்தால்தான் பூஞ்சணம் பிடிக்கும்.

பொகவந்தலாவையிலிருந்து ஒருவர் “பேஸ் செத்துப்போச்சு” என்று ஒரு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தார். தட்டிப் பார்த்தேன், உள்ளே ஏதோ சரசரத்தது. பின்னால் காற்றுப் போகும் துளை வழியாக எலி புகுந்து, உள்ளே இருந்த பஞ்சையும் எங்கேயோ கடித்த தேயிலைச் சாக்கையும் சேர்த்துக் கூடு கட்டியிருந்தது. நாலு குஞ்சு. உத்தரவாத அட்டையில் எலி பற்றி ஒரு வரியும் இல்லை. ஓட விடாத நாட்களில் அந்தத் துளையில் ஒரு காலுறையைச் சுருட்டி அடையுங்கள்.

இடி மின்னலுக்கு என்ன செய்றது?

பிளக்கைக் கழற்றுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் இடிதான். எல்லோரும் மறப்பது டிஷ் வயர். கூரையிலிருந்து டிவிக்கு, டிவியிலிருந்து ஆம்ப்ளிபயருக்கு என்று அது வந்துவிடும். அதையும் கழற்றுங்கள்.

மகள் வெளிநாட்டிலிருந்து ஒரு செட் அனுப்பியிருக்கா. இங்க போடலாமா?

எந்த நாடு என்று முதலில் சொல்லுங்கள். டுபாய் என்றால் நம்மைப் போலவே 230 வோல்ட், போடலாம். கனடா என்றால் 120 வோல்ட். நேராகச் செருகினால் ஒரு புகை, ஒரு வாசம், அவ்வளவுதான். சில ஆம்ப்ளிபயரில் பின்னால் வோல்ட் மாற்றும் சுவிட்ச் இருக்கும், இல்லாவிட்டால் தகுந்த அளவு ட்ரான்ஸ்போமர் வாங்க வேண்டும். செருகுமுன் கொண்டுவந்து காட்டுங்கள், காசு கேட்க மாட்டேன்.

போன்ல புளூடூத்துல போட்டுத்தானே கேக்கப் போறேன், அப்ப இவ்வளவு விலை வேணுமா?

நியாயமான கேள்வி. சீடியில் ஒரு செக்கனுக்கு 1,411 கிலோபிட் தரவு ஓடுகிறது. புளூடூத்தின் அடிப்படை முறையில் அதில் கால்வாசிக்கும் குறைவு. எல்டாக் என்ற முறை உள்ள போன் என்றால் 990 வரை போகும். ஆனால் உண்மையைச் சொன்னால், ஸ்பீக்கரை மாற்றும்போது வரும் வித்தியாசம் இதைவிடப் பல மடங்கு பெரிது. புளூடூத்திலேயே தொடங்குங்கள். பிறகு ஆசை வந்தால் வயர் போடலாம்.

ரெண்டு மணித்தியாலம் இங்க உக்காந்து கேட்டுட்டு, பேஸ்புக்ல மலிவா வாங்கிட்டுப் போறாங்க. என்ன செய்யலாம்?

பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. கேட்பதற்குக் காசு வாங்கலாமா என்று முதலாளி ஒரு தடவை யோசித்தார், வாங்கினால் நல்ல ஆளும் வரமாட்டார். நாங்கள் வேறொன்று செய்கிறோம். முற்பணம் வாங்கிக்கொண்டு டெமோ சோடியை சனி, ஞாயிறு வீட்டுக்கே கொடுத்துவிடுவோம். லயத்துக் காம்பராவுக்குச் சொன்ன அந்தப் “பூம்” விஷயத்தைக் கடையில் வைத்துத் தீர்க்க முடியாது, அவருடைய சுவருக்குள் வைத்துத்தான் பார்க்க வேண்டும். வீட்டுக்குப் போன சோடி திரும்பி வருவது குறைவு.

மலிவாக வாங்கியவரிடம் தொடர் இலக்கத்தையும் பற்றுச்சீட்டையும் கேட்டு வைக்கச் சொல்லுங்கள். 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும். ஏஜென்டின் உத்தரவாதமா, விற்றவரின் வாய்ச்சொல்லா என்பது சாமான் பழுதாகும்போதுதான் தெரியும். அப்படிப் பழுதானதைத் தூக்கிக்கொண்டு என்னிடமே வருவார்கள். திருத்திக் கொடுக்கிறேன், கூலி வாங்குகிறேன்.

சும்மா கேக்க மட்டும் வாற ஆளுக்கும் ஒவ்வொரு தடவையும் போட்டுக் காட்டணுமா?

மேலே தேயிலைக் கோப்பை சொன்ன டீமேக்கர் அந்த வகைதான். ஓய்வு பெற்றவர். சனிக்கிழமைகளில் சந்தைப் பையோடு வந்து, பையைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு உட்காருவார். ஒரே நாதஸ்வர சீடி. இதுவரை ஒரு வயர்கூட வாங்கியதில்லை. புதுத் தம்பிக்கு எரிச்சல், ஆள் வந்ததும் டீ குடிக்கப் போய்விடுவான்.

ஒரு சனிக்கிழமை பாதியிலேயே எழும்பி வந்து, “தம்பி, இடது பக்கத்துக்காரன் சளி பிடிச்சவன் மாதிரி வாசிக்கிறான்” என்றார். எனக்கு அப்படித் தெரியவில்லை. முதலாளியைக் கூப்பிட்டேன், அவருக்கும் தெரியவில்லை. டீமேக்கர் போன பிறகு மனம் கேட்காமல் ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்த்தேன். இடது ட்வீட்டரின் வயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மாதம் அதில் ஏழு பேருக்குப் போட்டுக் காட்டியிருந்தோம்.